பூனைக்கு விட்ட கட்டம்

...பூனையை மட்டும் எழுதாமல் விட்டுவிடலாம், சக்கரமும் தொப்பியும் போதும், மூன்றாவதாக ஒன்று இருப்பதே தெரியாதவன் மாதிரி உட்கார்ந்துவிடலாம், யார் வந்து கேட்கப் போகிறார்கள்... ஆனால் கோடு போடும்போதே மூன்று கட்டம் போட்டுத் தொலைத்துவிட்டேன், ஸ்கேல் வைத்து, பேனாவில், பென்சிலாக இருந்திருந்தாலாவது அழித்திருக்கலாம். முப்பத்தொரு வருடம் அச்சகத்தில் பிழை திருத்திய கை இது, மிக்ஸியும் வாஷிங் மெஷினும் வாங்குகிறவர்களுக்குப் பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் மடித்து வைத்திருப்பார்களே, யாருமே படிக்காத புத்தகம், அதை வரிவரியாகப் படித்துச் சம்பளம் வாங்கிய கை, காலியாக ஒரு கட்டத்தைப் பார்த்தால் அதற்குச் சும்மா இருக்கத் தெரியாது. மணி மூன்று பத்து. நாலு மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாள் என் மனைவியின் தங்கை. சொன்னால் சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பாள், அந்த விஷயத்தில் அக்காவுக்கு நேர் எதிர், அக்கா 'இதோ' என்று சொன்னால் அரை மணி, 'இதோ வந்துட்டேன்' என்று சொன்னால் முக்கால் மணி என்று அர்த்தம்... அர்த்தமாக இருந்தது. ஒன்பது மாதம் ஆகியும் இந்த ஒரு வினைச்சொல்லைத் திருத்த எனக்குக் கை வரவில்லை.

நேற்றுதான் போன் செய்தாள், அத்தான், அப்பாவுக்கு ஒரு சாப்பாட்டு ஆப் போட்டுக் குடுக்கணும், நாலஞ்சு இருக்காமே, நீங்க மூணு வெச்சிருந்தீங்கல்ல, எது நல்லதுன்னு ஒப்பிட்டுப் பாத்துச் சொல்லுங்க, நீங்கதான் எதையும் கடைசி வரி வரைக்கும் படிக்கிற ஆளு. நான் சரி என்றேன். ஏன் சரி என்றேன்? முடியாது என்று சொல்ல ஒரு காரணம் வேண்டுமே. அவள் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள், நாளெல்லாம் ஜனங்களை இருட்டறையில் உட்கார வைத்து, மூக்கின்மேல் அந்தக் கனத்த சட்டத்தை மாட்டி, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, இது நல்லாத் தெரியுதா, இல்ல இதுவா, மறுபடியும் பாருங்க, இதுவா, அதுவா என்று கேட்பதுதான் தொழில். அவள் ஒப்பிட்டுச் சொல்லுங்கள் என்றால் சும்மா சொல்லவில்லை, இரண்டு மூன்றை அடுத்தடுத்து வைத்துப் பார்க்காமல் எதையும் முடிவு செய்யமாட்டாள். மாமனாரோ இப்போது மூன்று வாரமாக ரொட்டியும் பாலும்தான், சமைக்க வந்த அம்மாள் மகள் வீட்டோடு போய்விட்டாள், மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது, இடது முழங்கால் மடங்காது. ஆயுள் முழுக்க ஊரார் கட்டடத்து லிஃப்டை எல்லாம் பழுது பார்த்த மனுஷன், தனக்கென்று பிடித்த வீட்டில் லிஃப்ட் இல்லை. கேட்டால் சிரிப்பார், மாப்பிள்ளை, முப்பது வருஷம் அதோட கயிறு எந்த நிலைமையில இருக்குன்னு பாத்தவன் நான், தெரிஞ்சே ஏறுவேனா? போன மாதம் பால் வாங்க இறங்கியவர் ஏழாவது படியில் உட்கார்ந்துவிட்டாராம், எழுந்திருக்க முடியவில்லை, கீழ்வீட்டுத் தையல்காரர் வந்து தூக்கிவிட்டிருக்கிறார். ஆகவே படி இறங்காமல் சாப்பாடு வர வேண்டும், உப்பில்லாமல் வர வேண்டும், இரத்த அழுத்தம், டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான் கேள்வி. இதில் என்னை எதற்கு இழுக்க வேண்டும்... என்னை யார் இழுத்தார்கள், நான்தான் கோடு போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

சக்கரம். எழுது. கடைகள் அதிகம், எழுத்து பெரிது, வயதானவர்களுக்குப் படிக்க வசதி, நேரம் மட்டும் பொய், இருபது நிமிடம் என்றால் நாற்பது, வண்டி நம் தெருமுனைக்கு வந்துவிட்டதாகப் படம் காட்டும், எட்டிப் பார்த்தால் தெரு சுத்தமாக இருக்கும். தொப்பி. நேரம் சரி, வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள், ஏதாவது குறையென்றால் உடனே மன்னிப்புக் கேட்பார்கள், மன்னிப்புக் கேட்பதைத் தவிர வேறொன்றும் செய்யமாட்டார்கள், உப்பில்லாத சமையல் என்று தனியாக எதுவும் இல்லை. இந்தப் பெயர்கள் எல்லாம் என் மனைவி வைத்தது. போனில் உள்ள படத்தைப் பார்த்து வைத்த பெயர், உண்மையான பெயர்கள் வாயில் நுழையவில்லை அவளுக்கு, அல்லது நுழைக்க இஷ்டமில்லை. எனக்கே பெயர் மாற்றியவள்தானே, கல்யாணமான இரண்டாவது மாதமே நான் கமா, ஏன்டி என்றால், நீங்க பேச ஆரம்பிச்சா புள்ளியே வைக்க மாட்டீங்கறீங்க, கமா, கமா, கமான்னு போய்க்கிட்டே இருக்கீங்க. பூனைப் படத்தைப் பார்த்த அன்றைக்குச் சிரித்தாள் பாருங்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அப்போதே அந்த வயிற்றில் வலி ஆரம்பித்திருந்தது, இருந்தும் சிரித்தாள், சாப்பாடு கொண்டு வர்றது பூனையா, அது நம்ம வீடு வந்து சேருமாங்க?

சாப்பிட முடியாமல் போன பிறகு அவளுக்கு இந்த ஆப்புகள்தான் பொழுதுபோக்கு. படிங்க, என்பாள். கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பாள், நான் நாற்காலியை இழுத்துப் போட்டு ஒவ்வொரு கடையாக, ஒவ்வொரு பதார்த்தமாக வாசிப்பேன், மிளகு போட்ட காளான் சூப், வெண்ணெயில் வாட்டிய மீன், பூண்டு நூடுல்ஸ், அவள் ம் என்பாள், அதுல கொஞ்சம் கறிவேப்பிலை போட்டா நல்லாருக்கும் என்பாள், அந்தக் கடைக்காரன் எண்ணெயைக் காய விடமாட்டான், வேணாம், அடுத்தது என்பாள். ஒரு கடையில் எலுமிச்சைக்கு எலிமிச்சை என்று போட்டிருந்தது, நான் வழக்கம்போல இது தப்பு என்றேன், அவள் கண்ணைத் திறக்காமலே, எலி மிச்சம் வெச்சதை உண்மையைச் சொல்லி விக்கிறான், நல்லவன், அவனைப் போய்த் திருத்தறீங்களே என்றாள். கூடையில் போடச் சொல்லுவாள், போடுவேன், ஏழெட்டு சேர்ந்ததும் போதும், எடுத்துடுங்க என்பாள், ஒவ்வொன்றாக எடுத்துவிடுவேன். ஒரு சாப்பாடு முடிந்த மாதிரிப் பெருமூச்சு விடுவாள். நீங்க சாப்பிட்டீங்களா? சாப்பிட்டாச்சு. எப்போ? நீ தூங்கும்போது. அது ஒன்றும் பொய் இல்லை. எங்கே என்று அவள் கேட்டதில்லை.

பூனை. எழுதத்தான் வேண்டும். ஏனென்றால் உப்பில்லாத சமையலுக்கென்று தனியாக ஒரு சமையற்கூடம் பூனையில்தான் இருக்கிறது, நோயாளிகளுக்கும் வயதானவர்களுக்கும் குழைய வேகவைத்துத் தருகிறார்கள், காய்கறி சூப், மசித்த உருளைக்கிழங்கு, மாமாவுக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி. ஆனால் பூனையில் ஒரு ஏற்பாடு. நாம் ஆர்டர் செய்ததும் நம் போனில் நாலு எண் வரும், கொண்டு வருகிறவரிடம் கட்டட வாசலில் நேருக்கு நேர் நின்று அதைச் சொன்னால்தான் பொட்டலத்தைக் கையில் கொடுப்பார். மாடி ஏற மாட்டார்கள், கதவருகே வைத்துவிட்டுப் போக மாட்டார்கள், போனில் சொன்னாலும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள், நிபந்தனைகளில் பதினொன்றாவதாகத் தெளிவாகப் போட்டிருக்கிறது, நான் படித்திருக்கிறேன், நான்தான் கடைசி வரி வரைக்கும் படிக்கிற ஆள் ஆயிற்றே. ஆகவே அந்தக் கட்டத்தில், 'கீழே இறங்கி நேரில் எண் சொல்ல வேண்டும்' என்று எழுத வேண்டும். ஆறு வார்த்தை. எழுதினால் தங்கை படிப்பாள். படித்தால், அக்கா போன அன்றைக்கு மேஜைமேல் இருந்த டப்பாவில் அச்சிட்டிருந்த பூனை அவளுக்கு ஞாபகம் வரும், இது எப்படி வந்தது அத்தான் என்று அவள் கேட்டதும், வாசல்ல வெச்சுட்டுப் போயிட்டாங்கம்மா, நான் அந்த ரூமை விட்டு எழுந்திரிக்கவே இல்ல என்று நான் சொன்னதும் ஞாபகம் வரும். எழுதாமல் விட்டால், மாமா உப்பில்லாத சூப்புக்காக மடங்காத காலோடு மூன்று மாடி இறங்குவார். ஒன்று, தங்கையின் முன் நான் பொய்யன். இல்லையென்றால், ஏழாவது படியில் அவர். மூன்றாவது வழி, பூனையையே சொல்லாமல் விடுவது, கிழவர் ரொட்டியையே தின்றுகொண்டிருக்கட்டும்... அந்த வழியைத்தானே முதலில் யோசித்தேன், மூன்று பத்துக்கு, எதையும் யோசிப்பதற்கு முன்பே?

போனை எடுத்துப் பூனையைத் திறந்தேன், ஒன்பது மாதமாகத் திறக்காதது. மீண்டும் வருக என்றது. உங்கள் பழைய ஆர்டரையே மறுபடி செய்யலாமா என்று கேட்டது, தேதியோடு, நேரத்தோடு, மிளகு நூடுல்ஸ் ஒன்று, உங்கள் கையில் ஒப்படைக்கப்பட்டது, ஒன்று பத்தொன்பது. உங்கள் கையில். என்ன சுத்தமான வாக்கியம், ஒரு பிழை கிடையாது. அழிக்க வழி இருக்கிறதா என்று தேடினேன், ஆம், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், தேடினேன், அமைப்புகள், கணக்கு, உதவி எல்லாவற்றிலும் புகுந்து பார்த்தேன், பழைய ஆர்டர்களை மறைக்க முடியாது. கணக்கையே மூடலாம். மூடினால் அவள் கூடையில் போடச் சொல்லி எடுக்கச் சொல்லாமல் விட்ட ஒன்று இருந்தது, வெண்ணெயில் வாட்டிய மீன், அதுவும் போய்விடும். மூடவில்லை. மீனுக்காக மூடவில்லையா, நேரமாகிவிட்டது என்று மூடவில்லையா... மூன்று முப்பத்தைந்து.

படியில் சாப்பிடும் பழக்கம் எப்படி வந்தது? வாசனை. தாளிக்கிற வாசனைக்கே அவளுக்குக் குமட்டும், அடுப்பை மூடிவிட்டேன், வெளியே வாங்கிக் கொண்டுவந்து சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டாலும் மூக்கு கண்டுபிடித்துவிடும், கொடுமை என்னவென்றால் குமட்டிக்கொண்டே, என்னது அது, சொல்லுங்க, நல்ல வாசனை என்பாள். எனக்கு வாய்க்குள் போனது இறங்காது. பசி மட்டும் இறங்காமல் இருக்குமா? அவள் இளைக்க இளைக்க எனக்குப் பசி கூடிக்கொண்டே போனது, இதை யாரிடம் சொல்ல முடியும், சட்டைப் பொத்தான் இறுகியது எனக்கு, அவள் வளையல் முழங்கையில் போய் நின்றது. அதனால் அவள் கண்ணயர்ந்த நேரம் பார்த்து ஆர்டர் செய்வேன், மணி அடிக்க வேண்டாம் என்று குறிப்புப் போடுவேன், வண்டி நெருங்கியதும் செருப்பில்லாமல் இறங்குவேன், முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவே படி திரும்புகிற இடத்தில் ஒரு ஜன்னல், பக்கத்தில் தண்ணீர் மீட்டர், அதன் மூடிமேல் டப்பாவை வைத்து, நின்றபடி, சுவரைப் பார்த்துச் சாப்பிடுவேன். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் திருட்டுத்தனமாகத் தின்பது மாதிரி, சீக்கிரம் சீக்கிரமாக, நாக்கைச் சுட்டுக்கொண்டு. கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் ஒருநாள் பார்த்துவிட்டு, என்ன சார், வீட்டம்மா வெளியே தள்ளிட்டாங்களா என்று சிரித்தார், நானும் சிரித்தேன், வாய் நிறைய சோறோடு.

அன்றைக்கும் அப்படித்தான். காலையில் கொஞ்சம் தெளிவாக இருந்தாள், எலி மிச்சக் கடையைப் படிங்க என்றாள், படித்தேன், பாதியில் தூங்கிவிட்டாள். குரல் போய்ப் பத்து நாள் ஆகியிருந்தது, காற்றுதான் வரும், ஏதாவது வேண்டுமென்றால் பக்கத்து ஸ்டூலில் இருக்கும் டம்ளரை ஸ்பூனால் தட்டுவாள், டிங், ஒரே ஒரு தரம், நான் எந்த அறையில் இருந்தாலும் வந்துவிடுவேன். மூச்சு சீராகத்தான் இருந்தது. நின்று பார்த்தேன், நிச்சயமாக நின்று பார்த்தேன். மூன்று ஆப்பையும் திறந்து ஒப்பிட்டேன், அன்றைக்கும் ஒப்பீடுதான், சக்கரம் ஐம்பது நிமிடம் என்றது, தொப்பியில் நான் ஆசைப்பட்ட கடை மூடியிருந்தது, தொப்பியென்றால் கதவருகே வைத்துவிட்டுப் போயிருப்பார்கள்... பூனையில் மிளகு நூடுல்ஸ் இருந்தது. ஒன்று பதினைந்துக்கு இறங்கினேன். ஒன்று பத்தொன்பதுக்கு வந்தார், என் வயது இருக்கும், ஹெல்மெட்டைக் கழற்றி முகத்தைத் துடைத்தபடி, நம்பர் சொல்லுங்க சார். ஐந்து, பூஜ்யம், இரண்டு, ஒன்பது. சூடாச் சாப்பிடுங்க சார், ஆறினா நூடுல்ஸ் கட்டியாயிடும், என்றார், நல்ல மனுஷன். அப்படியே மேலே எடுத்துப் போயிருக்கலாம். ஆறினால் கட்டியாகிவிடுமே. மீட்டர் மூடிமேல் வைத்துத் திறந்தேன், ஆவி மூக்குக் கண்ணாடியில் படிந்தது, கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன், முதல் வாய், இரண்டாவது வாய்... எங்கோ ஒரு டிங். எந்த வீட்டிலோ பாத்திரம் கழுவுகிறார்கள் என்று நினைத்தேன். நினைத்தேனா, அப்படி நினைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேனா? மதியம் ஒன்றேகாலுக்கு மேல் எந்த வீட்டிலும் பாத்திரச் சத்தம் வரத்தான் செய்யும். மென்றுகொண்டிருந்தேன். மிளகு காரம் நன்றாக இருந்தது. இதையும் எழுத வேண்டும், நன்றாக இருந்தது. பாதி டப்பா தீர்ந்ததும் மூடி, ஒன்று முப்பத்தொன்றுக்கு மேலே போனேன், ஸ்பூன் தரையில் கிடந்தது, அவள் முகம் கதவுப் பக்கம் திரும்பியிருந்தது.

அதற்கப்புறம் நான் சொன்னது ஒரு பிரதி, திருத்தப்பட்ட பிரதி. முதலில் தங்கையிடம், பக்கத்துலதான் இருந்தேன். அப்புறம் மாமாவிடம், கையைப் பிடிச்சுட்டு இருந்தேன் மாமா. பிறகு வந்தவர்களிடமெல்லாம், ஸ்பூன்ல தண்ணி குடுத்தேன், ரெண்டு ஸ்பூன் குடிச்சா, அப்படியே... அந்த இரண்டு ஸ்பூன் எங்கிருந்து வந்தது? தரையில் கிடந்த ஸ்பூனைத் தங்கை எடுத்து டம்ளரில் போட்டதைப் பார்த்தேன், அதற்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. மாமா என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், கடைசித் தண்ணி உங்க கையால போச்சு, அது போதும் மாப்பிள்ளை, எனக்கு அது போதும். இதைவிடக் கேவலம் சாயங்காலம் நடந்தது. வந்தவர்கள் எல்லாரும் என்னைச் சாப்பிடச் சொல்லி வற்புறுத்த, காலையிலேருந்து பச்சைத் தண்ணிகூடக் குடிக்கல மனுஷன் என்று யாரோ சொல்ல, தங்கை அந்தப் பூனை டப்பாவைச் சூடு பண்ணிக் கொண்டுவந்தாள். மூடியைத் திறந்தவள் ஒரு நொடி நின்றாள். அவர்கள் பெரியப்பா எட்டிப் பார்த்துவிட்டு, பாருங்கய்யா அநியாயத்தை, பாதி டப்பாதான் அனுப்பறானுங்க, கேக்க ஆளில்ல என்றார். பசித்தவன் மாதிரி, அழுதபடி, எல்லாரும் பார்க்க, மிச்சத்தையும் சாப்பிட்டேன்.

மூன்று ஐம்பத்தெட்டுக்குத் தங்கை கதவு தட்டினாள். செருப்பைக் கழற்றி, போனை மேஜைமேல் வைத்து, நேராகச் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள், நான் எடுத்துக் கொடுப்பேன் என்று காத்திருக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. தாளைப் பார்த்ததும் சிரித்தாள், என்ன அத்தான், பரீட்சைப் பேப்பர் மாதிரி கோடெல்லாம் அடிச்சு வெச்சிருக்கீங்க, அக்கா இருந்தா மார்க்கே போட்டிருப்பா. உட்கார்ந்து படித்தாள், மெதுவாக, விரலை வைத்து. சக்கரம் வேண்டாம், அப்பா நேரத்துக்கு மாத்திரை போடணும். தொப்பியில உப்பு. சரி. இந்தப் பூனைக்கு ஏன் ஒண்ணுமே எழுதல? எழுதணும்மா என்றேன். உப்பில்லாத சமையல் இதுலதானே இருக்கு? ஆமா. வாசல்ல வெச்சுட்டுப் போயிடுவாங்களா? சாதாரணமாகத்தான் கேட்டாள், இதுவா அதுவா என்று கேட்கிற அதே குரல், ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை. ஆம் என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன், சத்தியமாக, நாக்கு மேலே தொட்டுவிட்டது, ஏழாவது படியில் மாமா காலை நீட்டி உட்கார்ந்திருப்பது தெரிந்தது, கையில் காலிப் பால்பை.

இல்லம்மா, என்றேன். கீழ இறங்கிப் போகணும். நேர்ல நம்பர் சொன்னாத்தான் குடுப்பாங்க. எப்பவுமேவா? எப்பவுமே. அவள் பேனாவை எடுத்துக்கொண்டாள், எழுதவில்லை. அப்போ அன்னிக்கு... என்று இழுத்தாள். வாசல்ல வைக்கல, என்றேன். நான் கீழ போயிருந்தேன். எவ்வளவு நேரம் அத்தான்? பதினாறு நிமிஷம். அவ்வளவு லேட்டாவா கொண்டு வந்தாங்க? இல்ல, அவரு நாலு நிமிஷத்துல வந்துட்டாரு, நான் படியில நின்னு சாப்பிட்டேன். கீழே ஜெராக்ஸ் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது, நாங்கள் இருக்கிற இடம் வரைக்கும் தெளிவாகக் கேட்டது, அவளும் அதைக் கேட்டிருக்க வேண்டும், ஏனென்றால் ஜன்னல் பக்கம் திரும்பி, அக்கா தட்டினா படியில கேக்காதா என்றாள். கேட்டுது, என்றேன். வேற வீடுன்னு நெனச்சேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன், திட்டுவாள் என்று நினைத்தேன், எழுந்து போய்விடுவாள் என்றுகூட. தாளைத் தன் பக்கம் திருப்பி, மூன்றாவது கட்டத்தில் தன் குண்டு குண்டு எழுத்தில், நேரில் எண் சொல்ல வேண்டும், கீழ்வீட்டுத் தையல்காரரிடம் சொல்லி வைக்கவும், என்று எழுதினாள். எழுதிக்கொண்டே சொன்னாள், எங்க கடையில வாட்ச்மேன் கிட்ட நம்பரைச் சொல்லிடுவோம் அத்தான், அவரு வாங்கி வெச்சுடுவாரு. யாராவது ஒருத்தர் நேர்ல சொன்னாப் போதும், நாமளே இறங்கணும்னு அவசியமே இல்ல. அவசியமே இல்ல. கீழே ஜெராக்ஸ்காரர் காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை நாற்காலியை விட்டு அசையமாட்டார், ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வாங்கி வைத்திருப்பார், எனக்குத் தோன்றவே இல்லை, அத்தனை மாதத்தில் ஒருநாள்கூட... இறங்குவதற்கு ஒரு சாக்கு வேண்டியிருந்ததா எனக்கு, அந்த அறையிலிருந்து, அந்த மூச்சிலிருந்து? அப்புறம்தான் அவள் சொன்னதில் மற்றது உறைத்தது. எங்க கடையில. சொல்லிடுவோம். அவள் தாளை மடித்துப் பையில் வைத்து, செருப்பை மாட்டிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், அப்பாகிட்ட ஒண்ணும் சொல்லிடாதீங்க, அவருக்கு அந்த ரெண்டு ஸ்பூன் தண்ணி அப்படியே இருக்கட்டும் என்றாள். இரண்டு படி இறங்கித் திரும்பி, மதியம் சாப்பிட்டீங்களா என்றாள். சாப்பிட்டேன் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள், படி திரும்புகிற இடத்தில் அவள் கால் சத்தம் கொஞ்ச நேரம் நின்றது, பிறகு மறுபடி கேட்டது.

அவளுக்கு முதலிலேயே தெரியும். மூடியைத் திறந்து ஒரு நொடி நின்ற அன்றைக்கே தெரிந்திருக்கும், பூனையில் தினமும் வாங்கிச் சாப்பிடுகிறவளிடம் வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள் என்று சொல்லியிருக்கிறேன். எந்த வில்லை பொருந்தும் என்று தெரிந்துகொண்டே, எதிரே இருப்பவன் வாயால் வரட்டும் என்று, ஒன்பது மாதம். சரி, வந்துவிட்டது, மாமாவின் காலுக்காகச் சொல்லிவிட்டேன், அந்த அளவுக்காவது மனுஷன்தான் என்று நாற்காலியில் சாய்ந்தேன், நெஞ்சு கொஞ்சம் லேசானது மாதிரிகூட இருந்தது... இப்போது ஒரு சந்தேகம். வந்ததும் போனை மேஜைமேல் வைத்தாளே, திரை மேலே பார்க்க, என் முழங்கைக்குப் பக்கத்தில், அவள் தண்ணீர் குடிக்கப் போன நேரம் அது வெளிச்சமாகத்தான் இருந்தது, கிளம்பும்போது அவள் எடுத்தபோதும் வெளிச்சமானது, முதல் வரிசையில் பூனை இருந்தது. இருந்தது என்று இப்போது நன்றாக ஞாபகம் வருகிறது, காது இரண்டும் விறைத்த அந்தப் பூனை. அதை நான் எப்போது பார்த்தேன், சொல்வதற்கு முன்பா, பின்பா?